வலது வளைவில் ஆயில் முள்

போன ஞாயிற்றுக்கிழமை நாகல் நகரிலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். மடியில் ஒரு தூக்குவாளி, அதில் அக்கா கொடுத்தனுப்பிய மீன் குழம்பு. ஆட்டோக்காரர் வலது பக்கம் வெடுக்கென்று ஒடித்தார். குழம்பு இடது பக்கமாக ஏறி, மூடியைத் தள்ளிக்கொண்டு, பாதி என் வேட்டியில் இறங்கிவிட்டது.

"வாளிய நேராப் புடிங்கண்ணே" என்றார்.

நேராகத்தான் பிடித்திருந்தேன். வாளி நேராக இருந்தாலும் உள்ளே இருப்பது நேராக இருக்காது. இதை அவருக்கு விளக்க என்னால் முடியும். ஒரு காலத்தில் சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வேட்டியில் குழம்போடு பாடம் எடுத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். காசைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அந்தக் காலத்தில் நானும் சேசுராஜும் கூட்டாக வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தோம். பெரும்பாலும் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றும் வேன்கள்தான் வரும். எந்த வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தாலும் தலையில் நாலு சாமந்தி இதழ் இருக்கும். டீக்கடையில் எங்களைப் பார்க்கிறவர்கள் ஏதோ விசேஷம் போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

அங்கேதான் பல் டாக்டர் ரெஜினா வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. சிவப்பு நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். இரண்டே சீட். தரையோடு தரையாகக் கிடக்கும். திண்டுக்கல்லில் இருக்கும் ஒவ்வொரு வேகத்தடையும் அதன் வயிற்றைச் சுரண்டியிருக்கிறது. அதனால் ஊருக்குள் ஓட்டாமல், மாதம் ஒருமுறை லாரியில் ஏற்றி, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிவிட்டு வருவார். அவருடைய கணவருக்கு எந்தக் காரில் ஏறினாலும் வாந்தி வரும். ஆகவே வீட்டில் போட்டி கிடையாது.

ஒரு மாதம், தடத்தில் வலது பக்கமாக நீளமாக வளையும் ஒரு திருப்பத்தில் இன்ஜின் கடகடவென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. சேசுராஜ் பிரித்துப் பார்த்தான். பேரிங் எல்லாம் உரசிக் கறுத்திருந்தது.

"ஆயில் இல்லாம ஓட்டியிருக்கீங்கம்மா" என்றான்.

"பல்லு வெளக்காம வாரவங்களத்தான் எனக்குத் தெரியும் தம்பி. நான் அப்படி இல்ல. ஆயில் பாக்காம வண்டி எடுத்ததே கிடையாது" என்றார் டாக்டரம்மா.

ஆயிலை வடித்து அளந்தோம். அளவு சரியாக இருந்தது. சேசுராஜ் இன்னொரு தடவை அளந்தான். அப்போதும் சரியாகவே இருந்தது.

விஷயம் இதுதான். இன்ஜினுக்கு அடியில் ஒரு தொட்டியில் ஆயில் நிற்கும். அதை நடுவில் ஒரு குழாய் உறிஞ்சி மேலே அனுப்பும். வேகமாக, நீளமாக வலது பக்கம் வளைந்தால் ஆயில் எல்லாம் இடது சுவரில் போய் ஏறிக்கொள்ளும். குழாய் வெறும் காற்றைக் குடிக்கும். அந்தச் செத்த நேரம் போதும், பேரிங் போய்விடும். பூ மூட்டை ஏற்றும் வேனுக்கு இந்த வியாதி வராது. அந்த வேகத்தில் வளைத்தால் ஆயிலுக்கு முன்னால் வேனே கவிழ்ந்துவிடும்.

டாக்டரம்மா அலைந்து திரிந்து வேறொரு இன்ஜின் கொண்டுவந்தார். "இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா வண்டியக் குடுத்துர்றேன்னு வீட்டுல சொல்லிட்டேன்" என்றார். இந்தப் பல்லை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று சொல்கிற அதே குரல். சேசுராஜ் தலையாட்டிவிட்டு உள்ளே போய், ஏற்கெனவே முடுக்கிய ஒரு போல்ட்டை மறுபடி முடுக்கினான். நானும் ஒன்றைத் தேடி முடுக்கினேன்.

தொட்டிக்குள் ஆயில் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன் நான். மறுநாள் டாக்டரம்மா தன் கிளினிக்கின் மீன்தொட்டியைத் தூக்கிவந்தார். மீன்களை ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றியிருந்தாராம். தொட்டியில் பழைய ஆயிலை ஊற்றி வேனின் பின்னால் வைத்து, பக்கத்தில் நான் உட்கார, சேசுராஜ் ஒரு ரவுண்டானாவைச் சுற்ற ஆரம்பித்தான். ஆயில் கண்ணாடியில் ஏறி என் மடியில் இறங்கியது. பிறகு தகரத் தடுப்பு வைத்துச் சுற்றினோம். தடுப்பை உயர்த்திச் சுற்றினோம். போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"ஏலே, என்ன வேண்டுதலா?"

"ஆயில் பாக்குறோம் சார்" என்றான் சேசுராஜ்.

"ஆயில் பாக்கணும்னா பெட்ரோல் பங்க்குக்குப் போங்கடா."

தகரத் தடுப்பு மட்டும் பத்தவில்லை. கடைசியில், பீரோ செய்கிற பட்டறையில் சின்னக் கீல்கள் வாங்கி, தடுப்பில் குட்டிக் கதவுகள் வைத்தோம். ஆயில் நடுவுக்கு வரும்போது கதவு திறக்கும், வெளியே ஓடப் பார்த்தால் மூடிக்கொள்ளும். மீன்தொட்டியில் அது வேலை செய்ததைப் பார்த்து சேசுராஜ் வேனை நிறுத்திவிட்டு என் கையைக் குலுக்கினான். கூட்டாளியாக இருந்தும் அதுவரை நாங்கள் கை குலுக்கியதே இல்லை. மீன்கள் மட்டும் வாளியிலேயே தங்கிவிட்டன. தொட்டியை எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை.

அதே மாதிரி தடுப்பைக் காரின் ஆயில் தொட்டிக்குள் வெல்டிங் வைத்தோம். ஆயிலை அளவுக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே ஊற்றினோம். அதற்கும் மேல் போனால் நுரைத்துவிடும். இடது சீட்டுக்கு எதிரே ஆயில் அழுத்தம் காட்டும் முள் ஒன்றும், ஸ்டியரிங் பக்கத்தில் இன்ஜினை அணைக்கத் தனி சுவிட்ச்சும் பொருத்தினோம். குழாய் காற்றைக் குடித்தால் முள் கீழே விழும். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்க வேண்டும், முள்ளை வேறொருவர் பார்க்க வேண்டும். சேசுராஜ் அந்த சீட்டுக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்தான். வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஆக, நான்தான் என்று முடிவாயிற்று.

"முள்ளு விழுந்தா டேஷ்போர்டத் தட்டு தம்பி. ஏன்னு கேக்க மாட்டேன். கேக்க நேரமிருக்காது. நீ தட்டு, நான் அணைச்சுர்றேன்" என்றார் டாக்டரம்மா.

தடத்தில் அந்த வலது வளைவு வந்தது. என் உடம்பு கதவில் ஒட்டிக்கொண்டது. முள் மட்டும் ஆணி அடித்தமாதிரி நின்றது. அடுத்த சுற்றிலும் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டேன்.

முன்னால் ஒரு நீல நிறப் புதுக் கார். ஓட்டியவன் சின்னப் பையன். மாதக்கணக்காக டாக்டரம்மாவால் அவனைத் தாண்ட முடிந்ததில்லை. அன்று நேர்ச்சாலையில் அவன் பக்கத்தில் மூக்கை நுழைத்துவிட்டார். திருப்பத்துக்கு முன் ஓங்கி பிரேக் மிதித்தார். முள் விழுந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு கணம் கை எழவில்லை. முள் பொய் சொன்னால்? அவர் இன்னும் ஒரு கார் நீளம் போனால் தாண்டிவிடுவார். தட்டினேன்.

தட்டிய சத்தம் அடங்குவதற்குள் இன்ஜின் அடங்கிவிட்டது. கார் உருண்டு ஓரத்துப் புல்லில் போய் நின்றது. நீல வண்டி போய்விட்டது. டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா. வளைவுல இல்ல, பிரேக் புடிச்சப்ப."

"அப்ப ஆயில் முன்பக்கம் ஓடுது" என்றார். பாட்டிலில் இருந்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

இடது, வலது என்று பார்த்த நாங்கள் முன்பக்கத்தை மறந்திருந்தோம். மீன்தொட்டியோடு ரவுண்டானாவைச் சுற்றினோமே தவிர, ஒருமுறைகூட ஓங்கி பிரேக் பிடித்துப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில், கூட வந்திருந்த சேசுராஜ் புரோட்டாவை வாங்கி வைத்து, சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் காலை ஆயில் தொட்டியைக் கழற்றி பேரிங்கைப் பார்த்தான். பளபளவென்று இருந்தது. கிளினிக்குக்குப் போன் போட்டு, "நல்லாருக்கும்மா, ஒரு கீறல் இல்ல" என்றான். போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். தூசி என்றான்.

முன்பக்கத்துக்கும் கதவு வைத்த பிறகு அந்த முள் விழவே இல்லை. நீல வண்டிதான் அதன் பிறகு வரவில்லை.

அந்த ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. சேசுராஜ் மஸ்கட்டில் ஏசி மெஷின் பார்க்கிறான். டாக்டரம்மாவுக்குத் தோள் வலி வந்ததும் காரைக் கொடுத்துவிட்டார். போன வருடம் அவரும் தவறிப்போனார். நான் ஒரு பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆயில் குறைவாக இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னால், போனை எடுத்துத் தேடிப் பார்க்கிறார், இன்னொருவரிடம் கேட்கிறார், யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். அவர்மேல் தப்பில்லை. நான் டேஷ்போர்டைத் தட்டினால், ஜெயிக்கப்போகிற வண்டியை ஏன் என்று கேட்காமல் நிறுத்துகிற ஆள் எனக்கு ஒருவர்தான் இருந்தார்.