ஒற்றைக் கண்ணுக்கு ஒரு தூரக்கண்ணாடி

பெரிய மாமாவுக்கு ஒரு கண் போனபிறகு, அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் நாங்கள் அவருக்காக வருத்தப்படுவோம். எதிரில் வருத்தப்பட்டால் ஏச்சு விழும். அவர் அம்மாவின் அண்ணன். பாசிர் கூடாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் இருந்தார். வாரநாட்களில் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஓய்வு நாளில் ஆயர் ஈத்தாம் பக்கம் தாம் வாங்கிப்போட்டிருந்த சின்னச் செம்பனைத் தோட்டத்துக்கு ஓடிவிடுவார். அங்கே மட்டை வெட்டும்போதுதான் ஒரு முள் வலக்கண்ணில் ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவர், வாசலிலேயே அத்தையைப் பார்த்து, "பாதி அழகா தெரியற, பரவால்ல," என்றார். அத்தை சிரித்துக்கொண்டே உள்ளே போய் அழுதாள்.

கண் போனதைவிட அவரை வாட்டியது வேட்டை போனதுதான். கன்றுச் செம்பனையின் குருத்தென்றால் காட்டுப்பன்றிக்கு உயிர். வந்தால் ஒரு வரிசையையே சாய்த்துவிட்டுப் போகும். அதனால் மாமாவும் பக்கத்துத் தோட்டத்துச் சீன முதலாளியான தவுக்கேயும் என் அப்பாவும் சாயங்காலங்களில் பன்றிக்குக் காத்திருப்பார்கள். துப்பாக்கியும் அதற்கான லைசென்சும் தவுக்கேயுடையவை. கண்டு சொல்வது மாமா. கூட நிற்பதும், கிடைத்ததைத் தூக்கிவந்து அத்தையிடம் பெரட்டல் கேட்பதும் அப்பாவின் பங்கு.

தவுக்கே ஒரு சட்டம் வைத்திருந்தார். முன்பொரு முறை, கறுப்பு மழைச்சட்டையோடு குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு வேலையாளைப் பன்றி என்று நினைத்து அவர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டாராம். அந்த ஆள் தும்மியதால் பிழைத்தார். அன்றுமுதல், "கெப்பாலா மானா?" என்று கேட்காமல் தவுக்கே விசையில் விரல் வைத்ததில்லை. தலை எங்கே என்று மலாயில் கேட்கிறார். தலை எந்தப் பக்கம் என்று சொல்ல முடிந்தால்தான் அது பன்றி. சொல்ல முடியாதவரை அது யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை. இத்தனை வருடமும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் மாமாதான்.

ஒற்றைக் கண்ணோடு அவர் மறுபடி வந்து நின்றபோது தவுக்கே தலையைச் சொறிந்தார். பிறகு, நல்ல தெரோப்போங், அதாவது தூரக்கண்ணாடி, ஒன்று வாங்கிக்கொண்டு வா, ஒரு சாயங்காலம் சொல்லிக் காட்டு, சரியாக இருந்தால் உன் இடம் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். மாமா வீட்டுக்கு வந்து எங்களிடம் இதைச் சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அப்போது நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஜொகூர் பாருவில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். அப்பாவும் நானும் கூட. இரண்டு குழல் உள்ளது மாமாவுக்கு வேண்டாம். இல்லாத கண்ணுக்கு எதற்குக் கண்ணாடி? கடைக்காரப் பையன் ஒற்றைக் குழல்களை வரிசையாக எடுத்து வைத்தான். வேட்டைக்கு எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும், முன்கண்ணாடி அகலமாக இருப்பதைப் பாருங்கள் என்று அடக்கமாகச் சொன்னான்.

மாமாவுக்கு வேறு கணக்கு இருந்தது. "ரெண்டு கண்ணு இருக்கிறவனுக்கே எட்டுன்னா, ஒத்தக் கண்ணனுக்குப் பதினாறாச்சும் வேணும்லா!"

அப்பா அதில் ஏதோ நியாயம் இருப்பதுபோலத் தலையாட்டினார். எனக்கோ அது பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் கணக்குகளைவிட நன்றாகப் புரிந்தது. பதினாறு கடையில் இல்லை, இருபத்தைந்து இருந்தது. மாமா அதையே எடுத்தார்.

நேரே கடற்கரைக்குப் போய்க் கம்பித் தடுப்பின்மேல் அதை வைத்துப் பார்த்தோம். எதிரே சிங்கப்பூர். அப்பா தினமும் விடியுமுன் மோட்டார்சைக்கிளில் கிளம்பி, பாலத்தில் புகை குடித்துக் காத்திருந்து போய்ச்சேரும் ஊர். குழலில் கண்ணை வைத்த மாத்திரத்தில் நான் அங்கே போய்விட்டேன். ஓர் அடுக்குமாடியின் உச்சியில் ஒரு பெண் மூங்கில் கழியிலிருந்து சிவப்புச் சட்டையை உருவிக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசைந்தது. பாடுகிறாளா, யாரையாவது ஏசுகிறாளா, தெரியவில்லை. அவள் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தபோது நான் பயந்து தலையைக் குனிந்துகொண்டேன். இவ்வளவு பெரிய தண்ணீரைத் தாண்டி ஒருவருடைய வீட்டுக்குள் போக முடியும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும்வரை நான் யாரிடமும் பேசவில்லை. சாமி பார்த்துவிட்டு வந்தவள்போல் இருந்தேன் என்று அம்மா பிறகு சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சாமி தோட்டத்தில் வேலைசெய்யவில்லை. அங்கே கம்பித் தடுப்பு ஏது? மாமா கையில் பிடித்துப் பார்த்தால், உள்ளே மரமெல்லாம் ஆடியது. அவருடைய நாடித்துடிப்பைக்கூட அது இருபத்தைந்து மடங்காக்கிக் காட்டியது. காட்டுகிற இடமோ ஒரு தட்டளவு. அதற்குள் ஒரு மரத்தைப் பிடிப்பதற்குள் இன்னொரு மரம் வந்து நின்றது. வெயில் இறங்கியதும் எல்லாம் ஒரே புகை. அத்தை கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மறு கண்ணையும் மூடிக்கலாம்," என்றாள். மாமா மறுவாரம் கடைக்குப் போய், மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு, அந்த எட்டு மடங்கையே மாற்றிக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு அவர் பழகிய பழக்கம் இருக்கிறதே, அதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்வார். குழலின் ரப்பர் விளிம்பை இடக்கண்ணின் எலும்பில் அழுத்திக்கொள்வார். மூச்சைப் பாதி விட்டுவிட்டு நிறுத்துவார். அந்த நேரத்தில் அவர்மேல் கொசு உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகும், அவர் அசையமாட்டார். மின்கம்பியில் இருக்கும் மைனா எந்தப் பக்கம் பார்க்கிறது, கோடியில் மேயும் ஆடு எந்தக் காலை நொண்டுகிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஒரு கண் போனவருக்கு உலகத்தையே எண்ணிக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

சோதனை நாள் வந்தது. அழுது அடம்பிடித்து நானும் போனேன். தோட்டத்து ஓரத்தில் நிறுத்திய ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் பின்தட்டில் நால்வரும் நின்றோம். இறங்கினால் காலை ஒடிப்பேன் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். தவுக்கே முதலில் கால்வாய்க்கரையைக் காட்டி, "கெப்பாலா மானா?" என்றார். மாமா குழலைத் தூக்கினார். உடும்பு, தலை வலப்பக்கம். சரி. அப்புறம் தண்ணீர்க் கொட்டகைமேல் குரங்கு. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது, ஆனால் முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. அதுவும் சரி. தவுக்கே மெச்சுவதுபோல உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். பெருமை தாங்காமல் நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். இடம் கிடைத்தாயிற்று என்றே நினைத்தேன்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கன்றுகளுக்கு நடுவே, வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குப் பின்னால், கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. மேலும் கீழும் அசைந்தது. தவுக்கே துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். இது சோதனையில்லை, நிஜம் என்று எனக்கே விளங்கிவிட்டது. மிக மெதுவாகக் கேட்டார்.

"கெப்பாலா மானா?"

மாமா குழலைக் கண்ணில் அழுத்தினார். பாதி மூச்சு. மீதி மூச்சு. பதில் வரவில்லை. அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை போதுமே, சொல்லிவிடுங்களேன் மாமா என்று உள்ளே துடித்தது. பொறுக்கமாட்டாமல் அவர் காதருகே போய், "இடப்பக்கம் மாமா, இடப்பக்கம்," என்றேன். நான் கண்டு சொன்னேனா, அப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொன்னேனா, இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாமா குழலை இறக்கினார். "தாக் தாவ்," என்றார். தெரியவில்லை.

தவுக்கே துப்பாக்கியைத் தாழ்த்தினார். சற்று நேரத்தில் மட்டைக் குவியலுக்கு இடப்பக்கமாக ஒரு மூஞ்சி நீண்டது. பிறகு கோரைப்பல், பிறகு முழு உடம்பு. நான் அதுவரை பார்த்திராத பெரிய ஆண்பன்றி. அவசரமில்லாமல் எங்கள் முன்னாலேயே நடந்து புதருக்குள் போனது.

"நான்தான் சொன்னேனே! இடப்பக்கம்னு சொன்னேனே!" என்று கத்தினேன். அப்பா தொடையில் கிள்ளினார். மாமா தலையைக் குனிந்தபடி குழலை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் போயிற்று என்று அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

தவுக்கே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். பன்றி போன புதரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமாவின் தோளில் கை வைத்து, அடுத்த வாரம் நீ வா, இனி இந்தக் குழல் வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்று மலாயில் சொன்னார். மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டார்.

வீடு வரும்வரை நான் அழுதேன். பன்றி இடப்பக்கம்தான் திரும்பியிருந்தது. அதைச் சொன்னது நான். இடத்தைக் கொடுத்ததோ, தெரியவில்லை என்றவருக்கு. பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சலுகை காட்டிக்கொள்கிறார்கள் என்று அன்று எனக்கு ஒரே ஆத்திரம்.