காரைக்குடிக்கு எத்தனை எழுத்து?

எங்கள் தொழிலில் ஒருவருக்கு நல்லது செய்தால் மறுநாளே இன்னொருவருடைய புரோகிராம் ஓடாது. கம்ப்யூட்டரில் எந்த மொழியின் எந்தப் பதிப்பைப் போடுவது என்று என்றைக்காவது விழித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறைக்கு நான் பொறுப்பு. அறை முழுக்கக் குளிர்சாதனம் என்பதால் சித்திரை மாதத்தில் எனக்கு நண்பர்கள் அதிகம். புரோகிராம்களை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதி, அட்டைகளில் துளை போட்டுக் கொண்டுவருவார்கள். ஃபோர்ட்ரானின் இரண்டாம் பதிப்பு சில வருஷங்களாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் நாலாம் பதிப்பு வந்து இறங்கியது. மெஷினில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் இருக்கும். எடுத்துவிட்டு மற்றதைப் போட ஒரு மணி நேரம் ஆகும். ஒரு வாரம் பழசு, ஒரு வாரம் புதுசு என்று இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்து, எதை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் டைரக்டர். அந்த இரண்டு மாதமும் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் சொல்கிறேன்.

மூன்று எங்கே?

முதல் சிக்கல் ஸ்டோர்ஸில் ஆரம்பித்தது. அங்கே பொறுப்பில் இருந்த சொக்கலிங்கம் அண்ணன் எந்தப் பெட்டி வந்தாலும் பிரித்துப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார். நாலாம் பதிப்பு வந்த பெட்டியைப் பிரித்தார், தட்டினார், கவிழ்த்துப் பார்த்தார். மேலே நாலு என்று எழுதியிருந்தது, உள்ளே நாலு சாமான் இல்லை. என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

நாலு என்பது பெட்டியில் இருக்கும் சாமான்களின் எண்ணிக்கை இல்லை, மொழிக்குப் போட்ட வரிசை எண் என்று விளக்கினேன். மூன்று என்று ஒன்று பொதுவாக வெளியே வரவே இல்லை என்று எங்கோ படித்திருந்ததையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஆனால் முகத்தில் நம்பிக்கை இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை கேட்டார்:

"சரி தம்பி, ரெண்டு வந்துச்சு, இப்ப நாலு வந்துருச்சு. நடுவுல மூணு மட்டும் திருச்சியிலயே எறங்கிக்கிருச்சாக்கும்?"

பதின்மூன்று கண்மாய்கள்

டாக்டர் சேதுராமன் சிவகங்கைப் பக்கத்து மனிதர். கண்மாய்களில் தண்ணீர் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கணக்கிடும் ஆராய்ச்சி அவருடையது. அவருடைய புரோகிராம் மூன்று பெட்டி அட்டை. முப்பத்திரண்டு கண்மாய்களின் விவரமும் மெஷினுக்குள் ஒரே நேரத்தில் இருந்தால்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போவதைக் கணக்கிட முடியும்.

பழைய பதிப்பு ஒரு மூலையில் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். புதுசுக்கு வசதிகள் அதிகம் என்பதால் உட்கார இடமும் அதிகம் வேண்டும். அது உட்கார்ந்ததுபோக மிச்சமிருந்த இடத்தில் பத்தொன்பது கண்மாய்தான் கொண்டது. புரோகிராமை இரண்டாகப் பிரித்து, பத்தொன்பதை முதலிலும் மீதியைப் பிறகும் ஓட்டலாம் என்று யோசனை சொன்னேன். அதற்கு அவர் பாதியையாவது திருப்பி எழுத வேண்டும். மூன்று பெட்டிகளையும் என் மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"மிச்சம் பதிமூணு கம்மாயையும் நான் எங்குட்டுக் கொண்டுபோயி வெட்டுறதுங்கிறீக?"

அஞ்சா, ஒன்பதா?

புரோகிராம்களை அட்டையில் துளையிட்டுத் தந்தவர் அழகம்மை. வயது முப்பத்தைந்து இருக்கும். தினமும் கல்லலில் இருந்து ரயிலில் வருவார். கணவருக்குக் கொஞ்சம் நிலம், மழை பெய்தால் விவசாயம். ஏழு வருஷமாகத் தற்காலிக வேலை. அந்த வருஷம்தான் அந்த இடத்தை நிரந்தரமாக்க உத்தரவு வந்தது, கூடவே ஒரு பரீட்சையும் வந்தது. சின்னதாக ஒரு புரோகிராம் தானே எழுதி, துளையிட்டு, மூன்று பேர் கமிட்டி முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். அழகம்மை வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

மதிய வேளைகளில் நானே சொல்லிக்கொடுத்தேன். கணக்கெல்லாம் சரியாகப் போட்டார். தலைப்பில்தான் இடித்தது. பழைய பதிப்பில் ஒரு தலைப்பை அச்சடிக்க வேண்டுமென்றால், அதில் எத்தனை எழுத்து என்று எண்ணி முதலில் அந்த எண்ணைப் போட்டு, ஹெச் என்று எழுதி, அப்புறம்தான் தலைப்பை எழுத வேண்டும். ஒன்று குறைந்தாலும் மெஷின் ஏற்காது. காரைக்குடி என்று ஆங்கிலத்தில் தலைப்பு எழுதச் சொன்னேன். KARAIKUDI என்று எழுதினார், முன்னால் ஐந்து என்று போட்டார். மெஷின் முதல் ஐந்து எழுத்தில் 'காரை'யை எடுத்துக்கொண்டு, 'குடி' என்றால் என்னவென்று தெரியாமல் நின்றுவிட்டது.

ஒன்பது எழுத்தாயிற்றே, எப்படி ஐந்து போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் விரல்களை மடக்கினார்.

"கா, ரை, க், கு, டி. அஞ்சுதான சார் வருது? நீங்களே எண்ணிப் பாருங்க."

இருபக்கமும் வேலி

ஆங்கில எழுத்தைத்தான் எண்ண வேண்டும் என்று அழகம்மைக்குப் புரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்விட்டு எண்ணிப் பழகிய பழக்கம் அது. நிதானமாக இருக்கும்போது ஒன்பது என்பார். நான் கடிகாரத்தைப் பார்த்தால் போதும், கண்டனூருக்கு ஐந்து, குன்றக்குடிக்கு ஆறு என்று தமிழில் இறங்கிவிடுவார். எனக்கே ஒருநாள் அவர் எண்ணியதுதான் சரி என்று தோன்றியது, வெளியே சொல்லவில்லை.

அடுத்த வாரம் புதிய பதிப்பு. அதில் எண்ண வேண்டாம். தலைப்புக்கு முன்னும் பின்னும் ஒரு மேற்கோள் குறி போட்டால் போதும். அழகம்மையின் புரோகிராம் முதல் தடவையிலேயே ஓடியது. அவர் தலைப்பு அச்சாகி வந்த தாளைக் கிழித்து மடித்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பரீட்சை நாள் புதிய பதிப்பு இருக்கும் வாரத்தில்தான் விழுகிறது என்று காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். வாக்கே கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"இது நல்லா இருக்கே சார். ரெண்டு பக்கமும் வேலியப் போட்டுட்டா உள்ள எத்தன ஆடு நிக்கிதுன்னு யாரு கேக்கப் போறா?"

தாலி யார் கட்டுவது?

இதற்குள் இரண்டு மாதம் முடியப்போகிறது. நான் எழுதிக் கொடுத்த அறிக்கை ஆறு பக்கம். பழைய பதிப்பு இடத்தை அடைக்காது, புதிய பதிப்பு எழுத எளிது, இரண்டிலும் நன்மை உண்டு என்று ஒருவர் மனமும் நோகாமல் முடித்திருந்தேன். உங்களில் பலரும் இப்படி ஓர் அறிக்கை எழுதியிருப்பீர்கள். டைரக்டர் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மாப்பிள்ளை பாத்துட்டு வாங்கன்னு அனுப்பினா, ரெண்டு பேருமே நல்ல பையங்கன்னு எழுதிக் குடுத்திருக்கீகளே, தாலியை யாரு கட்டுறது?"

காலியிடம்

கமிட்டித் தலைவருக்குக் கண்டனூரில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். அதனால் பரீட்சையை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார். அது பழைய பதிப்பு இருக்கும் வாரம். பரீட்சை அன்று சாயங்காலத்துக்குள் டாக்டர் சேதுராமனின் முப்பத்திரண்டு கண்மாயும் முடிந்தாக வேண்டும். பதிப்பை மாற்றிப் போட நேரமே கிடையாது. தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். மெஷினில் எது இருக்கிறதோ அதிலேயே எழுதட்டும் என்றுவிட்டார். அழகம்மையிடம் நானே போய்ச் சொன்னேன். வாக்குக் கொடுத்தவன் நான். அவர் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

தலைவர் கொடுத்த தலைப்பு 'குன்றக்குடி கண்மாய்', ஆங்கிலத்தில் KUNDRAKUDI KANMAI. அழகம்மையின் உதடு அசைய ஆரம்பித்தது. போச்சு என்று நினைத்தேன். சட்டென்று நிறுத்திவிட்டு, அட்டையில் துளையிடும் பஞ்ச் மெஷினில் ஒரு வீண் அட்டையைச் செருகினார். முதல் கட்டத்திலிருந்து தலைப்பை மட்டும் அடித்தார். அடுத்து அடிக்கப்போவது எத்தனையாவது கட்டம் என்று காட்ட அந்த மெஷினில் ஒரு முள் உண்டு. முள் பதினெட்டில் நின்றது. ஒன்றைக் கழித்துப் பதினேழு என்று போட்டார். ஏழு வருஷமாக அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அது தோன்றவே இல்லை.

தலைவர் தன் விரலை விட்டு எண்ணிப் பார்த்து, பதினாறுதானே வருகிறது என்றார். அதற்குள் மெஷின் தலைப்பை ஓர் எழுத்துக்கூடச் சிந்தாமல் அச்சடித்துவிட்டது. அழகம்மை இரண்டு சொற்களுக்கு நடுவில் விரலை வைத்துக் காட்டினார்.

"நடுவுல காலியா கெடக்குறதும் ஒரு எழுத்துதான் சார். ஆளு இல்லைன்னாலும் எடத்த எண்ணணும்ல?"

வாசலில் ஒருவர்

அழகம்மைக்கு வேலை நிரந்தரமானது. உத்தரவு வந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் என் சொந்த உத்தரவுக்குக்கூட வந்ததில்லை. அந்தச் சூட்டோடு அறிக்கையைத் திருத்தி எழுதினேன்: 'எழுத்தை எண்ணுவது மனிதர் வேலை அல்ல. நாலாம் பதிப்பையே வைத்துக்கொள்ளலாம்.' ஒரே பக்கம். டைரக்டர் உடனே கையெழுத்துப் போட்டார். டாக்டர் சேதுராமன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே புரோகிராமைப் பிரித்து எழுதி, பதின்மூன்று கண்மாய்களையும் இரண்டாவது நடையில் ஓட்டிக்கொண்டார். டைரக்டர் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை பாராட்டை எதிர்பார்த்து அழகம்மைக்குக் காத்திருந்தேன். ரயிலை விட்டு இறங்கியவர் நேராக என் அறை வாசலில் வந்து நின்றார்.

"எண்ண வேண்டாம்னு பண்ணிப்புட்டீகளாமே சார்? இப்பத்தான கஷ்டப்பட்டு எண்ணக் கத்துக்கிட்டேன், இனி அத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

எந்தப் பதிப்பைப் போட்டாலும், நேற்றுதான் மற்றதைக் கற்று முடித்த ஒருவர் காலையில் வாசலில் நிற்கத்தான் செய்வார் என்பதால், எதைப் போடலாம் என்று யோசிக்கும்போதே அவர் எந்த ரயிலில் வருகிறார் என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்வது நமக்கு நல்லது.