வேண்டுமென்றே மறந்த நான்கு சொற்கள்

தன் மூளை உள்ளதைவிட மந்தமானது என்று காட்டுவதற்காக ஆண்டுதோறும் மெனக்கெடும் மனிதனை நீங்கள் சந்தித்ததுண்டா? இல்லையென்றால் இல்க்கா ருவோஹோலாவைச் சந்தியுங்கள்.

வயது முப்பத்தைந்து. ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டக்காரன். பதினாறு ஆண்டுகளில் பன்னிரண்டு அணிகளுக்கு ஆடியவன். பெரும்பாலும் பின்லாந்தின் இரண்டாம் நிலை அணிகள். நடுவே ஸ்வீடனின் வடகோடியில் ஒரு குளிர்காலம், மழை பெய்தால் கூரை ஒழுகும் ஒரு பிரெஞ்சு அரங்கத்தில் இரண்டு. எந்த ஊர்ச் சுவரொட்டியிலும் அவன் முகம் வந்ததில்லை. எங்கேயோ ஒருவனுக்கு முழங்கால் முறிந்தால் இல்க்காவின் போன் அடிக்கும். முறிந்த கால் கூடிவிட்டால் அவன் பெட்டியைக் கட்ட வேண்டும். தாளிப்பதற்குக் கறிவேப்பிலை வேண்டும், தட்டில் வந்ததும் ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் பிழைப்பு.

ஆகஸ்டில் பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு சோதனை உண்டு. ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் பிசியோ பத்துச் சொற்களை வாசிப்பாள். கொஞ்சம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மதிப்பெண் கோப்பில் ஏறும். குளிர்காலத்தில் தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைத்து, மதிப்பெண் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறைந்திருந்தால் வாரக்கணக்கில் ஓய்வு.

பத்தொன்பது வயதில், முதல் அணியில், பக்கத்து இருக்கைக்காரன் அவன் காதில் ஓதினான்: "டேய், எல்லாத்தையும் சொல்லித் தொலைக்காதே. ஆகஸ்ட்ல முட்டாளா இரு. அப்பத்தான் ஜனவரியில அடிபட்டாலும் புத்திசாலியா தெரிவ."

அன்றிலிருந்து இல்க்காவுக்குப் பத்தில் ஆறு. நான்கை வேண்டுமென்றே மறந்தான். ஒற்றைக் காலில் நிற்கும்போது கொஞ்சம் தள்ளாடவும் கற்றுக்கொண்டான். பன்னிரண்டு ஊர்களில் பன்னிரண்டு பிசியோக்கள் அந்தத் தள்ளாட்டத்தை நம்பினார்கள்.

பன்னிரண்டாவது ஊர் ஹிர்விலம்பி. ஏரியும் மர அறுவை ஆலையும் ஐஸ் அரங்கமும் உள்ள சின்ன ஊர். அவன் மனைவி ஹென்னாவுக்குப் பல் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. மகள் சில்யா அந்த இலையுதிர்காலத்தில்தான் பள்ளியில் சேர்ந்தாள். இல்க்காவின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: நாற்பது ஆட்டம் ஆடினால் இன்னும் ஓர் ஆண்டு தானாகவே நீளும். ஆடாவிட்டால், மீண்டும் பெட்டி, மீண்டும் லாரி, சில்யாவுக்கு மீண்டும் ஒரு புது வகுப்பு.

மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை. அவனுக்கு அது முப்பத்தொன்பதாவது ஆட்டம். லீக் ஆட்டங்களில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, செவ்வாய்க்கிழமை.

இரண்டாவது பகுதி முடியும் நேரம். மூலையில் கிடந்த ரப்பர் வட்டை எடுக்கக் குனிந்தவனைப் பின்னாலிருந்து ஒருவன் மோதினான். தலை பலகைச் சுவரில் இடித்தது. இல்க்கா சில நொடிகள் அசையாமல் கிடந்துவிட்டு எழுந்தான். ஆயிரத்து இருநூறு பேர் கைதட்டினார்கள். அணியினர் மட்டையால் பலகையைத் தட்டினார்கள். எழுந்துவிட்டானல்லவா, ஆம்பளை!

மண்டையோட்டுக்குள் இருப்பது ஆண்மையும் இல்லை, தலைவிதியும் இல்லை. நீரும் கொழுப்பும் நரம்பும் கொண்ட மெத்தென்ற ஓர் உறுப்பு. அதற்குக் கைதட்டல் கேட்காது.

பிசியோ கைசு அவனை உள்ளே கூட்டிப்போய்ச் சோதனைத் தாளை எடுத்தாள். பத்துச் சொற்களை வாசித்தாள். இல்க்கா மனதுக்குள் சிரித்துக்கொண்டான். நடிக்கத் தேவையில்லாத நாள் இது. உள்ளதை உள்ளபடி சொன்னால் குறைந்தது ஒன்பது வரும்.

"சட்டை... பாலம்... குதிரை... வெண்ணெய்..." சற்று நின்றான். "மேகம். ஆணி." பிறகு ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடித் துழாவினான். விளக்கில்லாத நிலவறையில் கையால் தடவுவது போலிருந்தது.

"ஆறு," என்றாள் கைசு. "ஆகஸ்ட்லயும் ஆறு. உன் முகம் எனக்குச் சரியாப் படல இல்க்கா. ஆனா நீ நல்லாருக்கன்னு தாள் சொல்லுது."

அந்த ஆறு வேறு, இந்த ஆறு வேறு. அது அவனுக்கு மட்டுந்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் போதும், செவ்வாய்க்கிழமை நாற்பது.

"கைசு, அந்தத் தாள் பொய்."

"என்ன சொல்ற?"

"ஆகஸ்ட்ல எனக்குப் பத்தும் தெரியும். நாலை முழுங்கிட்டேன். இப்ப நிஜமாவே முக்கிப் பாத்துட்டேன். ஆறுதான் வருது."

கைசு பேனாவை மேசையில் எறிந்தாள். "கழுத! எத்தன வருஷமா?"

"பதினாறு."

"யாருடா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"யாரு சொல்லிக் குடுக்கல, அதக் கேளு."

அவள் அவனுடைய ஹெல்மெட்டைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அணியின் காபி அறைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். குழல்விளக்கு கண்ணில் குத்தியது.

"பாருங்கடா, சினிமா ஸ்டார் வந்துட்டார்," என்றான் கோல் கீப்பர் சாமுலி. இடது ஸ்கேட்டை முதலில் கட்டினால்தான் வெற்றி என்று சாதிக்கிற ஆள் அவன். "கெழவா, கையெழுத்து ஒண்ணு போடேன்."

பயிற்சியாளர் வெய்க்கோ ஏலக்காய் ரொட்டியை அவன் பக்கம் தள்ளினார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்லும் யோசனைகள்தான் சில நேரம் ஆபத்தானவை.

"இதோ பாரு இல்க்கா. செவ்வா அன்னிக்கு ஒரே ஒரு தடவ எறங்கு. நாப்பது செகண்டு. வட்டு பக்கமே போகாத, வேலியோரமா நில்லு. கணக்குல ஒரு ஆட்டம் ஏறிடும். உம் பொண்ணு அதே ஸ்கூல்ல இருப்பா. கைசுகிட்ட நான் பேசிக்கறேன்."

இல்க்கா ரொட்டியைத் தொடவில்லை. சில்யாவை இழுத்ததுதான் வலித்தது. முந்தின இரவு ஹென்னாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். "லாரி பிடிச்சுக்கலாம். மண்டை வாடகைக்குக் கிடைக்காது," என்றாள் அவள்.

"இல்ல வெய்க்கோ," என்றான் இப்போது. "எதிராளிக்கு எங்கூட மோதறதுக்கு நாலு செகண்டே போதும். நீங்க நாப்பது குடுக்கறீங்க."

"அப்ப ஒப்பந்தம்?"

"போனாப் போகட்டும்."

சாமுலி காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு அஞ்சு."

"என்ன அஞ்சு?"

"ஆகஸ்ட்ல. அஞ்சுதான் சொன்னேன். எனக்கும் பத்து தெரியும்."

"பீத்திக்காத, உனக்கு எட்டுதான் தெரிஞ்சிருக்கும்," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருவர் பின் ஒருவராக ஒப்புக்கொண்டார்கள். இருபத்திரண்டு பேரில் பதினாறு பேர்.

திங்கட்கிழமை கைசு அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்திப் புதிதாகச் சோதித்தாள். "ஒரே ராத்திரியில ஊர்ல இத்தன அறிவாளிங்களா! பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போடறேன்," என்றாள். சாமுலிக்கு ஒன்பது வந்தது.

பொய் சொன்னவனைத் திட்டுவது எளிது. கைசு திட்டினாள், அது அவள் உரிமை. ஆனால், உண்மை சொன்னால் உன் வேலை போகும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு ஐயோ பொய் சொல்கிறானே என்று வியப்பது எந்த ஊர் நியாயம்? ஆலையில் விரல் போனவனுக்கு விடுப்பு உண்டு. மூளை அடிபட்டவன் மட்டும் தன் பிழைப்பைப் பணயம் வைத்துத்தான் ஓய்வெடுக்க வேண்டுமா? அந்தப் பொய்யைப் பெற்றெடுத்தது ஒப்பந்தத்தின் அந்த ஒற்றை வரி.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் இல்க்கா இறங்கவில்லை. எதிரணியின் தவறு ஒன்றால் ஹிர்விலம்பி இரண்டுக்கு ஒன்று என்று தட்டுத்தடுமாறி வென்றது. அடுத்து வந்த நாக்-அவுட் சுற்றில் மண்ணைக் கவ்வியது. இல்க்கா திரையிட்ட அறையில் ஐந்து வாரம் கிடந்தான். அவனுடைய ஆட்டங்கள் முப்பத்தொன்பதோடு நின்றன.

ஏப்ரலில் மேலாளர் புது ஒப்பந்தங்களை மேசையில் பரப்பினார். அந்தப் பதினாறு பேரும் வந்தார்கள், பேனாவைத் தொடவில்லை. சாமுலி ஒரு தாளை நீட்டினான். தலைக்காயத்துக்காக வெளியே இருக்கும் ஆட்டங்களும் ஆடியதாகவே கணக்காக வேண்டும், இந்தப் பருவத்திலிருந்தே. அவ்வளவுதான் அதில் இருந்தது.

"வேலைநிறுத்தமா?" என்றார் மேலாளர்.

"சேச்சே. படிச்சுப் பாக்கறோம். நாங்கதான் மந்தமாச்சே, மெதுவாத்தான் படிப்போம்."

ஒன்பது நாள் மெதுவாகப் படித்தார்கள். பத்தாம் நாள் வரி மாறியது. இல்க்காவுக்கு நாற்பதாவது ஆட்டம் கணக்கில் ஏறியது, ஓர் ஆண்டு நீண்டது. பன்னிரண்டாவது அணியில் இரண்டாம் பருவம். இத்தனை ஆண்டுகளில் எந்தப் பெட்டியையும் கட்டாத கோடைகள் அவனுக்கு மிகச் சில. அதில் இது ஒன்று. ஹென்னா ஏரிக்கரைப் பக்கம் உருளைக்கிழங்கு நட்டாள். அறுவடைக்கும் இங்கே இருப்போம் என்று தெரிந்து அவள் நட்ட முதல் உருளைக்கிழங்கு.

உலகம் திருந்திவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஓர் ஊரில் ஒரு வரி திருந்தியது. அதற்கு ஒருவன் வாய் திறக்கவேண்டியிருந்தது, பதினாறு பேர் அவனோடு நிற்கவேண்டியிருந்தது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஐஸ் அரங்கமோ, உங்கள் தெருவின் கபடிக் களமோ, பள்ளிக்கூட மைதானமோ, தலையில் அடிபட்ட ஒருவர் தள்ளாடி எழுந்து மறுபடி ஆடப் போனால், தயவுசெய்து கைதட்டாதீர்கள். எழுந்து நின்று, "அவரை வெளியே கூப்பிடுங்கள்" என்று சத்தம் போடுங்கள்.