கணீரென்று கேட்காத ஆணிகள்

போரில் மூழ்கிய கப்பலைக் கடலடியில் கண்டுபிடித்துவிட்டார்களாம். ஆணி கழன்றுதான் பிளந்ததாம். யாரோ சொன்னதை ரொட்டிக்கடைக்காரி வந்து சொன்னாள்.

"எந்தப் பக்கம் பிளந்துச்சு?" என்றுதான் சாக்பீஸக்கா கேட்டாள். கப்பல் பட்டறையில் ஒவ்வோர் ஆணியையும் சுத்தியலால் தட்டி, கணீரென்றால் இறுக்கம் சரி என்று சாக்பீஸால் குறி போடுவது அந்நாளில் அவள் வேலை. "பானை வாங்க வந்தவளாட்டம் தட்டுறியேக்கா, இதுல சோறா பொங்கப் போற?" என்பான் கூட வேலை பார்த்த அவள் தம்பி.

பட்டறையில் குண்டு விழுந்த மறுநாள் அவளுக்குக் காது அடைத்திருந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று, அந்தக் கப்பலின் இடப்பக்க வரிசை முழுக்கச் சத்தம் கேட்காமலே குறி போட்டாள். அதிலேயே மாலுமியாகச் சேர்ந்த தம்பி, அதோடுதான் மூழ்கிப் போனான்.

"எந்தப் பக்கம் பிளந்துச்சுன்னு கப்பல் ஆபீஸ்ல விசாரிச்சு போன் பண்றேன்க்கா" என்று கிளம்பினாள் ரொட்டிக்கடைக்காரி.

இப்போது போன் அடிக்கிறது. சாக்பீஸக்கா அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அது நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கிறது.