சாமிக்கு வைத்துவிட்ட சாம்பார்

வேறொரு வீட்டில் தங்கப் போகும் பிள்ளைக்காகத் தாய் எவ்வளவு பேசலாம்? எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு பிள்ளையைப் பேச விட வேண்டும்? இதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வி எனக்குள் எப்போது வந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது.

போன ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை. கோலசிலாங்கூர் புக்கிட் பெலிம்பிங்கில் உள்ள எங்கள் வீடு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கான விடுமுறைப் பயணம் ஒன்றில் என் மகள் சேர்ந்திருந்தாள். பதின்ம வயதுப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் பினாங்கிலிருந்து ஊர் ஊராக இறங்கி மலாக்கா வரை போவார்கள். எல்லாரும் தமிழர்கள்தான். ஆனால் ஒருவர் வீடு போல இன்னொருவர் வீடு இருக்காது. எஸ்டேட் லயத்தில் வளர்ந்த பிள்ளைகள், கோலாலம்பூர் கொண்டோ அடுக்குமாடியில் வளர்ந்து தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளைகள், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்துவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். போகிற ஊர்களில் ஹோட்டல் கிடையாது. தன் வீட்டைப் போல் இல்லாத ஒரு வீட்டில்தான் இரவு தங்க வேண்டும். அதுதான் அந்தப் பயணத்தின் நோக்கமே.

எங்கள் ஊர் முறை வந்தபோது மகள் இரண்டு தோழிகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். ஒருத்தி கோலாலம்பூர்ப் பெண். இன்னொருத்தி பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவர்கள் வருவதற்கு முந்தின நாளே இந்தப் பினாங்குப் பெண்ணின் தாயார் எனக்குப் போன் செய்தார். என்னைவிட வயதில் மூத்தவர். குரலில் மரியாதையும் இருந்தது, பயமும் இருந்தது.

"தங்கச்சி, புள்ளைய மொத தடவையா வெளிய அனுப்பியிருக்கேன். சாப்பாடு மட்டும் பாத்துக்குங்க. ஏதாச்சும் சரியா வரலைன்னா சொல்லுங்க, அவ வாப்பா கார எடுத்துக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க."

அந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. என் மகள் பஸ் ஏறிய நாளிலிருந்து நானும் அதே பயத்தில்தான் இருந்தேன். அதனால் அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

பிறகு நான் செய்த ஏற்பாடுகளைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது என்பதால் இறைச்சிக் கவலை இல்லை. இருந்தாலும் தஞ்சோங் காராங்கிற்குப் போய்ப் புதிதாக மூன்று சட்டி, கரண்டி, தட்டு எல்லாம் வாங்கி வந்தேன். பிள்ளைகள் படுக்கும் அறையில் முருகன் படம் போட்ட காலண்டரைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். தொழுகைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் வந்தார்கள். காலையில் சபாக்கில் தென்னந்தோப்பு, மதியம் தஞ்சோங் காராங்கில் வயல்வெளி என்று வெயிலில் கறுத்து வந்திருந்தார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பஸ் வந்து மின்மினிப் பூச்சி பார்க்கப் படகுத்துறைக்குக் கூட்டிப் போகும். கோலாலம்பூர்ப் பெண் அந்த மின்மினிகள் எல்லாம் மரத்தில் மாட்டிய எல்இடி விளக்குகள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகளுக்கு ஊர்ப் பெருமை பொறுக்கவில்லை. பந்தயம் கட்டினாள்.

பினாங்குப் பெண் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டாள். "ஆண்ட்டி, ஆணி மட்டும் இருக்கு. மாட்டியிருந்தது எங்க?"

நான் அசடு வழிந்தேன். அவள் சிரித்துவிட்டுத் தொழுகைக்குப் போனாள்.

அவள் உள்ளே தொழுதுகொண்டிருந்த நேரத்தில்தான் நான் சாமி மேடையில் விளக்கேற்றினேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தால், சமைத்ததில் கொஞ்சம் சோறு, சாம்பார், பாயாசம் ஆகியவற்றைச் சின்னத் தட்டில் எடுத்துச் சாமிக்கு வைப்போம். கற்பூரம் காட்டிய பிறகு அதைத் திரும்பச் சட்டியிலேயே கலந்துவிடுவோம். அப்போதுதான் வீட்டில் எல்லாருக்கும் அந்தச் சாப்பாடு சாமி சாப்பாடாகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செய்வது. யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்துவிடும்.

அன்றும் செய்துவிட்டது. மூன்று பேரும் கை கழுவி உட்கார்ந்து, நான் கரண்டியை எடுத்தபோது, மகள் என்னையும் சாமி மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமிக்குப் படைத்ததை முஸ்லிம்கள் சாப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். சட்டி மாற்றினேன், காலண்டரைக் கழற்றினேன், இதை மறந்துவிட்டேன்.

"ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். கணவர் பின்னாலேயே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தினார். "நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? சொன்னா அவங்க அம்மாவுக்குப் போகும். காலையில கார் வந்து நிக்கும். அந்தப் புள்ள பாவம்லா, எவ்ளோ சந்தோஷமா இருக்கு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அதையேதான் நினைத்தேன். நான் சொன்னால் அவள் பயணம் அன்றோடு முடிந்துவிடலாம். சொல்லாவிட்டால் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். ஆனால் என் மகளை யாராவது ஒரு வீட்டில் அப்படிச் சாப்பிட வைத்தால் நான் பொறுப்பேனா? அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டாவது தடவை யோசிக்கிற நான், அன்று அதை ஒரு தடவைதான் யோசித்தேன்.

போய்ச் சொன்னேன். "கண்ணு, இத நான் சாமிக்கு வச்சு எடுத்துட்டேன். பழக்கத்துல செஞ்சிட்டேன். நீ சாப்பிட வேணாம்."

அவள் கையைத் தட்டிலிருந்து எடுத்தாள். முகம் சுருங்கவில்லை. "தேங்க்ஸ் ஆண்ட்டி, சொன்னதுக்கு" என்றாள். பிறகு எழுந்து நின்று, "சட்டி ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. மூன்றாவது சட்டி ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல் அலமாரியில் இருந்தது.

அடுத்த அரை மணி நேரம் என் அடுப்படி என்னுடையதாக இல்லை. கடைக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா, மைசூர்ப் பருப்பு எங்கே, புளி எங்கே, கத்தரிக்காய் மிச்சம் இருக்கிறதா என்று அதிகாரமாகக் கேட்டு வாங்கி, தால்ச்சா வைத்தாள். கோலாலம்பூர்ப் பெண்ணை வெங்காயம் உரிக்க விட்டாள். "கண்ணு எரியுது லா, நான் படகுல எதையும் பாக்க முடியாது" என்று அவள் அழுதாள். "பந்தயத்துல தோத்துட்டு நல்லா சாக்கு சொல்றே" என்றாள் என் மகள், புதிதாகச் சோறு வைத்துக்கொண்டே. பஸ் வந்து ஹார்ன் அடித்தது. கணவர் வெளியே போய், கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

தால்ச்சா கொதித்து இறங்கியது. இப்போது எனக்கு ஒரு சங்கடம். வெள்ளிக்கிழமை சாமிக்கு வைக்காமல் நான் சாப்பிட்டதில்லை. ஏற்கெனவே ஒரு முறை வைத்தாகிவிட்டதே, அது போதாதா, இல்லை புதிதாகச் சமைத்ததற்குத் தனியாக வைக்க வேண்டுமா என்று மனதுக்குள் குழம்பிக்கொண்டு சட்டி முன்னால் நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணே கவனித்துவிட்டாள். தனக்கு வேண்டியதை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தாள்.

"இது எனக்கு. மிச்சம் உங்களுக்கு. நீங்க வச்சுட்டு வாங்க ஆண்ட்டி, நாங்க வெயிட் பண்றோம்."

எங்கள் வீட்டுச் சாமிக்குத் தால்ச்சா வைத்தது அதுதான் முதல் தடவை.

சாப்பிட உட்கார்ந்தபோது அவள் போன் அடித்தது. அவளுடைய தாயார். நான் விளக்கம் சொல்லப் போனை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை முழுக்க அவளே சொன்னாள், எதையும் மறைக்காமல், எதையும் கூட்டாமல். "உம்மா, ஆண்ட்டி அவங்களாவே சொன்னாங்க. நான் சாப்பிடல. நானே சமைச்சுட்டேன்."

அந்தப் பக்கம் கடையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. காலையில் கார் வரப்போகிறது என்றே நினைத்தேன். பிறகு அவர் கேட்டார்.

"தங்கச்சி, புளி தூக்கலா இருக்கா? எப்பவும் அள்ளிப் போட்டுருவா."

"கொஞ்சம் தூக்கல்தான்க்கா" என்றேன்.

"சரி. நாளைக்கு எந்த ஊருக்குப் போறாங்க?"

அவ்வளவுதான். அவள் மலாக்கா வரை போய்விட்டுத்தான் வீடு திரும்பினாள். கோலாலம்பூர்ப் பெண் படகில் ஒரு மின்மினியைக் கையில் பிடித்துப் பார்த்து, பந்தயத்தில் தோற்றதை ஒப்புக்கொண்டாளாம். என் கணவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாம்பார் சாப்பிட்டார்.

அன்று சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை இன்னும் உலுக்குவது வேறு. அந்தத் தாயாரும் நானும் போனில் பயந்து பயந்து பேசி ஏற்பாடு செய்த எதுவும் அந்த மாலையில் உதவவில்லை. பிள்ளை தனக்காகத் தானே பேசியதுதான் உதவியது.

இந்த விடுமுறையில் என் மகளின் முறை. பினாங்கில் அந்தப் பெண்ணின் வீட்டில் மூன்று நாள் தங்கப் போகிறாள். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. கடை வைத்திருப்பவர்கள் வீட்டில் அது தினமும் அடுப்பில் இருக்கும். "நீங்க போன் பண்ணாதீங்கம்மா, நானே சொல்லிக்கிறேன்" என்கிறாள் மகள். அவளால் முடியும் என்று நம்புகிறேன். ஆனாலும் அந்த அக்காவின் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். பிள்ளைகளை இப்படி அனுப்பிப் பழகிய தாய்மார்களே, நீங்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தீர்களா, அல்லது பிள்ளையையே பேச விட்டீர்களா? எனக்கு எழுதுங்கள். அவள் பஸ் ஏறுவதற்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும்.