ஆளுக்கு எத்தனை பங்கு?

இசக்கியம்மாள் மிஸ்ஸின் கணக்கு வகுப்புக்கு வேண்டிய சாமான் எல்லாம் தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கணவர் வெள்ளைச்சாமி அங்கே பட்டுப் பிரிவில் சேலை எடுத்துப்போடுகிறவர். மடிப்புக் கலையாமல் இருக்கச் சேலைக்குள் வைக்கிற அட்டை, யாராவது பிரித்துப் பார்த்துவிட்டால் அநாதை. அவற்றைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டி கே.கே. நகர் வீட்டுக்குக் கொண்டுவருவார். இவள் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டுவாள். முழுசு, அரை, கால், முக்கால். தட்டில் சோறு விழுவதற்கு முன் பின்னம் விழுந்துவிடும்.

பதினொரு வருஷத்துக்கு முன் தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்தவள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளி, ஆறாம் வகுப்பு. முதல் நாள் ஒரு பையனை "ஏல, இங்க வா" என்று கூப்பிட்டதற்கு ஒரு வாரம் சிரித்தார்கள். "இன்னா மிஸ்" அவள் காதில் உறுத்தாமல் விழ ஒரு மாதம் ஆனது. இரண்டு பக்கமும் பேச்சு பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு சொல் பாக்கி இருந்தது.

போன ஜூலையில் பின்னம் நடத்தினாள். இரண்டு வாரம் ஆகியும் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. சரி, செய்து பார்க்கட்டும் என்று நாலு நாலு பேராக உட்காரவைத்து அட்டை வட்டங்களைக் கொடுத்தாள். "ஆளுக்கு எத்தனை பங்குன்னு எழுதுங்க."

கடைசி பெஞ்சு அஸ்வின் எழுதியிருந்தான்: 'எனக்கு சைஃப் ஒரு பங்கு. நதீம் ஒரு பங்கு. சிந்து அரை பங்கு. மொத்தம் இரண்டரை.'

குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தாள். "என்னல இது? பேரை எதுக்கு எழுதி வச்சிருக்க?"

"நீதான மிஸ் பங்கு எத்தினின்னு கேட்ட?"

வகுப்பே சொல்லிக்கொடுத்தது. இந்த ஊர்ப் பையன்களுக்குப் பங்கு என்றால் கூட்டாளி. அவளுக்குத் தெரிந்த பங்கெல்லாம் பாகப்பிரிவினையில் வருகிற பங்கு.

"அதென்ன சிந்து மட்டும் அரை?"

"அப்பப்போ கா வுட்டுடுவா மிஸ்."

"நானா? நீதாண்டா ஃபர்ஸ்ட்டு கா வுட்ட!" என்றாள் சிந்து.

"இன்னா மிஸ், நீயே கூட்டிப் பாரு. இரண்டரை வர்தா இல்லியா?"

கூட்டிப் பார்த்தாள். வந்தது. இரண்டு வாரமாய் அவளால் கூட்டவைக்க முடியாததை அவன் சண்டையையும் சேர்த்துக் கூட்டியிருந்தான். சிவப்புக் கோட்டின் மேலேயே ஒரு சரி போட்டாள்.

அன்றிலிருந்து பெஞ்சுகள் சுவரோரம் போயின. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். புரியாதவனுக்குப் புரியவைப்பது அவனுடைய பங்கின் பொறுப்பு. சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை பங்கஜம் மேடத்தின் அறை.

"நேத்திக்குக் கல்வி ஆபீஸ்லேர்ந்து போன் இசக்கி," என்றார் பங்கஜம். மயிலாப்பூர்க்காரர், கோபம் வந்தால் ஆத்துப் பேச்சு வந்துவிடும். "நான் பேசிண்டிருக்கேன், உன் கிளாஸ்லேர்ந்து ஒருத்தன் 'மூணே கால் பங்குடா'ன்னு கத்தறான். மேடம், ஸ்கூல்லதான் இருக்கீங்களான்னு கேக்கறார் அவர்."

"இனிமே பாத்துக்கிடுதேன் மேடம்."

"நீ பாத்துக்க மாட்டே. சனிக்கிழமை குறுவளக் கூட்டத்துல பேச உன் பேரைக் குடுத்திருக்கேன். நாப்பது டீச்சர் வருவா. ஒருத்தராவது 'நானும் இப்படிப் பண்றேன்'னு கையைத் தூக்கட்டும், உன் பெஞ்செல்லாம் சுவரோரமே கெடக்கட்டும். இல்லேன்னா திங்கக்கிழமை பழையபடி வரிசை. அந்தப் பங்குக் கதையெல்லாம் அங்கே வேண்டாம். வெற்றி அனுபவம்னு போட்டிருக்கா."

வரிசை என்றால் அஸ்வின் மறுபடி கடைசி பெஞ்சு. அங்கிருந்து 'உள்ளேன் மிஸ்' தவிர வேறெதுவும் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அவளுக்கு அதே நினைப்பு.

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடித் தங்கள் வகுப்பு அனுபவத்தைச் சொல்லிக்கொள்கிற கூட்டம் அது. மயிலாப்பூரில் ஒரு பள்ளியின் பெரிய கூடத்தில் நடந்தது. முதலில் ஹபீபுர் ரஹ்மான் சார் பின்னணி இசையோடு வீடியோ போட்டார். அதில் குழந்தைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சரியான விடை சொன்னார்கள். பலத்த கைதட்டல். பிறகு டீ, சமோசா. சமோசாவுக்குப் பிறகு இசக்கி.

"கற்றல் விளைவுகளின் அடிப்படையில்..." என்று எழுதிவந்ததை வாசித்தாள். இரண்டாவது வரிசை செல்போனில் இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நாலாவது வரியில் அவளுக்கே கொட்டாவி வந்தது. தாளை மடித்துப் பைக்குள் போட்டாள். பங்கஜத்தின் பக்கம் பார்க்காமல் சொன்னாள்:

"என் வகுப்புல ஒரு பையன் சரியா போட்ட கணக்குக்கு நான் தப்பு போட்டுட்டேன்."

செல்போன்கள் இறங்கின. சிந்து அரை பங்கான இடத்தில் கூடமே சிரித்தது.

சூட்டோடு சூடாக நாலு நாலு பேராக உட்காரச்சொல்லி, குழுவுக்கு ஒன்றாகப் பத்து அட்டைக் கட்டு கொடுத்தாள். "உங்க ஸ்டாஃப் ரூம்ல உங்களுக்கு எத்தனை பங்கு? வட்டத்தை வச்சுக் கூட்டுங்க."

"என்னை அரையா வச்சிட்டீங்களா?" என்று ஒரு டீச்சர் பக்கத்திலிருந்தவரிடம் பாய்ந்தார். "நேத்து என் டிபன் பாக்ஸை மட்டும் முழுசா காலி பண்ணீங்க?"

"அதுக்குத்தான் அரை. இல்லேன்னா கால்."

"மேடம்," என்று கையுயர்த்தினார் ஹபீபுர் ரஹ்மான். "டிரான்ஸ்ஃபர் ஆகிப் பெருங்குடி போனவரை எவ்வளவுன்னு வைக்கறது?"

"நீங்களே முடிவு பண்ணுங்க சார்."

அவர் முக்காலை எடுத்துவைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை எடுத்துவிட்டு முழு வட்டத்தை வைத்தார்.

முன்வரிசையில் பங்கஜமும் என்னவோ எழுதிக் கூட்டினார். யாருக்கும் காட்டாமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குள் வாசலில் வாட்ச்மேன். "மேடம், பக்கத்துல ஸ்பெஷல் கிளாஸ் நடக்குது. சத்தத்துல பாடம் கேக்கலன்னு பசங்க சொல்றாங்க."

சிரித்து ஓய்ந்ததும் ஒருங்கிணைப்பாளர் கேட்டார்: "யாரெல்லாம் இதை உங்க வகுப்புல செய்யப் போறீங்க? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. "போர்ஷன் முடியணுமே," என்றது ஒரு குரல். "எங்க எச்.எம். விடமாட்டாங்க," என்றது இன்னொன்று. பங்கஜம் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

கூடம் காலியான பிறகு இசக்கி அட்டைகளைப் பொறுக்கினாள். எண்ணினாள். குனிந்து நாற்காலிகளுக்கு அடியில் தேடினாள்.

"கிளம்பலாமா? என்ன தேடறே?" என்றார் பங்கஜம்.

"பத்துக் கட்டு கொண்டுவந்தேன் மேடம். ஏழுதான் இருக்கு."

"நன்னாப் பாரு."

"பாத்துட்டேன். யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

பங்கஜம் காலி நாற்காலிகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

"கையைத் தூக்கல. அட்டையைத் தூக்கிண்டு போயிருக்கா. மூணு பேர்!"

"அப்போ பெஞ்சு, மேடம்?"

"ஒருத்தர்னுதானே சொன்னேன்? கெடக்கட்டும் சுவரோரமா. எனக்குப் போன் வந்தா மட்டும் ஜன்னலைச் சாத்திக்கோ."

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் முதல் வேலையாக வெள்ளைச்சாமிக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, இன்னும் மூணு கட்டுக்கு அட்டை வேணும்."

"ஏன், இருந்தது என்னாச்சு?"

"திருட்டுப் போயிட்டு."

மறுமுனையில் யாரோ மாம்பழக் கலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இந்தா எடுக்கேன்க்கா," என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "திருட்டுப் போனதையா இம்புட்டுச் சந்தோஷமா சொல்லுத?"