வந்துகினே இருக்கேன்

எங்கள் மந்தாரக்குப்பத்தில் யாராவது போனில் "வந்துகினே இருக்கேன்" என்று சொன்னால் அந்த ஆள் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். "கிளம்பிட்டேன்" என்றால் துண்டைத் தேடுகிறான். "கேட்டாண்ட வந்துட்டேன்", அதாவது சுரங்கத்து வாசலுக்கு வந்தாச்சு, என்றால் ஒருவேளை சட்டையை மாட்டியிருக்கலாம். இது ஊருக்கே தெரியும். அதனால் யாரும் யாரையும் திட்டுவதில்லை. அவரவர் மனசுக்குள் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கத் தெரியாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர் பெனடிக்ட்.

அப்பப்பா, அந்த மனிதரோடு பத்தொன்பது வருஷம் நான் பட்ட பாடு! பத்திரிகையில் ஏழு மணிக்கு வரவேற்பு என்று போட்டிருந்தால் ஆறே முக்காலுக்கு மண்டபத்தில் நிற்போம். அப்போதுதான் வண்டியிலிருந்து நாற்காலி இறக்கிக்கொண்டிருப்பார்கள். சும்மா நிற்க வெட்கமாக இருக்கிறதே என்று ஒருமுறை பட்டுப்புடவையோடு நானும் நாற்காலி விரித்தேன். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏம்மா, காபி ரெடியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காத்திருக்கும்போது அவருக்கு உட்காரவும் தெரியாது. காலையில் கேஸ் சிலிண்டர் வரும் என்று சொல்லியிருந்தால், விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார்.

"கொஞ்சம் உக்காருங்களேன், எனக்குத் தல சுத்துது."

"உக்காந்தா சிலிண்டர் வந்துடுமா?"

"நடந்தா வந்துடுமா?"

நடை மட்டும் நிற்காது.

பக்கத்து வீட்டுச் சந்திரகலா "சவரியக்கா, ஒரு நிமிஷம்" என்று என்னை வாசலில் நிறுத்தினால் முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கும் அவள் பேச்சு கொஞ்சம் ருசிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவர் உள்ளே இருமுவார். பிறகு ஒரு பாத்திரத்தை உருட்டுவார். ஒருநாள் வெளியே வந்து நேராகவே கேட்டுவிட்டார்: "ஏம்மா, உங்க வூட்டுக் கடியாரத்துல ஒரு நிமிஷம்னா எத்தினி நிமிஷம்?" அவள் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. தெருவில் எனக்குத் தலைகாட்ட முடியவில்லை.

இவர் இப்படி ஆனதற்கு அவர் வேலையும் ஒரு காரணம். சுரங்கத்தில் கரி எடுக்க வேண்டுமென்றால் அடியில் இருக்கிற தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த பம்ப் ஹவுஸ் ஒன்றில் இவர் கான்ட்ராக்ட் ஆள். பதினாறு வருஷமாக அதே வேலை. பம்ப்பை விட்டுவிட்டு நகரக்கூடாது. ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட்காரர், வந்து லாக் புக்கில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே கால் வைக்கலாம். இவர் காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தரைக்கே போய் ராத்திரி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இவரை விடுவிக்க மதியம் இரண்டு மணிக்கு வர வேண்டிய ஆள் சடையப்பன்.

சடையப்பன் கெட்டவன் இல்லை. ஜெனிஷா, எங்கள் ஒரே பெண், காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாலு இளநீரைச் சுமந்துகொண்டு பார்க்க வந்தவன்தான். என்ன, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் மதியம் வந்தான். இரண்டு மணி என்றால் இரண்டரை, சில நாள் இரண்டே முக்கால். கேட்டால் ஒரு சிரிப்பு, "அண்ணே, கேட்டாண்ட ஒரே கூட்டம்ணே." இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். "என் நேரத்த இவன் எடுத்துக்கறான் சவரி. யாரக் கேட்டு எடுத்துக்கறான்?" நான் சோற்றைப் போட்டு வாயை அடைப்பேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இவர் வாயிலிருந்து "வந்துகினே இருக்கேன்" என்ற வார்த்தை வந்தால் அது நிஜம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொல்வார். கிளம்பவில்லை என்றால் "இன்னும் கிளம்பல" என்று மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவார். அவர் போனை வைத்துத்தான் நான் உலையில் அரிசி போடுவேன். ஒருநாளும் சோறு ஆறியதும் இல்லை, குழைந்ததும் இல்லை.

2014 ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கடலூரிலிருந்து போன் வந்தது. ஜெனிஷா நர்ஸிங் படிக்க மனுப் போட்டிருந்த பள்ளியில், சேர வேண்டிய ஒரு பெண் வரவில்லையாம். அந்த ஒரு இடம் ஜெனிஷாவுக்கு. நாளை மாலை நாலு மணிக்குள் வந்து சேர வேண்டும். படிப்பைப் பாதியில் விடமாட்டோம் என்று ஒரு பாண்டு பத்திரத்தில் அப்பா, அம்மா இரண்டு பேரும் அங்கே நேரில் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற காலேஜ் எல்லாம் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதற்காகவே எங்கும் சேராமல் உட்கார்ந்திருந்தாள் என் பெண். இது போனால் அந்த வருஷமே போச்சு.

ஒரே ராத்திரியில் லீவுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. சடையப்பனிடம் இவர் போனில் கெஞ்சினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இந்த மனிதர் ஒருவரிடம் கெஞ்சி அதுவரை நான் பார்த்ததில்லை.

"என்னாண்ணே இது, நம்ம பாப்பா படிப்புக்கு. ஒண்ணரைக்கே வந்து நிக்கிறேன் பாரு."

"அவனையா நம்பறீங்க?" என்றேன் போனை வைத்ததும்.

"வேற யார நம்பச் சொல்ற?" என்றார்.

வெள்ளிக்கிழமை நானும் ஜெனிஷாவும் முன்னாடியே கிளம்பி ஒரு மணிக்கு அங்கே போய்விட்டோம். அட்மிஷன் பார்த்த சிஸ்டர் நல்ல மாதிரி. சர்டிபிகேட்டை எல்லாம் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, நாலு மணிக்கு லிஸ்ட்ட மூடிருவோம். அப்பா வர முடியலைன்னா தாய்மாமா, சித்தப்பா யாராவது வந்து போட்டாலும் போதும். இப்பவே சொல்லி வச்சுக்குங்க." எதிர் பெஞ்சில் காத்திருப்போர் பட்டியலில் ஜெனிஷாவுக்கு அடுத்து இருந்த பெண், அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். வளையமாதேவியிலிருந்து காலை முதல் பஸ்ஸுக்கே வந்தார்களாம். அவர்களைப் பார்க்காமல் இருக்க நான் சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரைக்கு இவருக்குப் போன் போட்டேன். "இன்னும் வரல" என்றார். ஒன்றே முக்காலுக்குப் போட்டேன். "வரல." இரண்டு மணிக்குப் போட்டேன். "வரலன்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். திட்ட வேண்டியவனைத் திட்ட முடியாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டோம்.

இரண்டே காலுக்கு மறுபடியும் போட்டேன். எடுத்தவுடனே, "வந்துகினே இருக்கேன்" என்றார். டக்கென்று வைத்துவிட்டார். பின்னால் மோட்டார் இரைச்சல் கேட்டது. பஸ் இரைகிறது, ஏறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாடா! கடலூருக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தாலும் மூன்றே முக்காலுக்கு வந்துவிடுவார். ஜெனிஷாவின் முதுகில் தட்டி, "அப்பா பஸ் ஏறிட்டாரு" என்றேன். அவள் அப்போதுதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

ஐந்து நிமிஷத்தில் என் தம்பி பவுல்ராஜ் கூப்பிட்டான். சிஸ்டர் சொன்னதை அவனிடம் அப்போதே சொல்லி வைத்திருந்தேன். மேல்பட்டாம்பாக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பைக்கில் வந்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

"அக்கா, நான் வேணா வரட்டா? பண்ருட்டில ஒரு கேட்டு மாட்டணும், வண்டில ஏத்தி வச்சிருக்கேன். நீ சொன்னா நாளைக்கிப் பார்த்துக்கலாம்."

"வேணான்டா. மாமா வந்துகினே இருக்காரு."

"மாமாவே சொன்னாரா?"

"அவரேதான்டா."

"அப்ப சரி" என்றான். இதையே சடையப்பன் சொன்னதாக நான் சொல்லியிருந்தால் என் தம்பி மறுபேச்சில்லாமல் பைக்கை எடுத்திருப்பான்.

மூன்று மணி, மூன்றேகால். இவரிடமிருந்து ஒரு போனும் இல்லை. நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். வாசலுக்கும் பெஞ்சுக்கும், வாசலுக்கும் பெஞ்சுக்கும். மூன்று நாற்பதுக்கு மனசு கேட்காமல் போட்டேன்.

"எங்க இருக்கீங்க? பஸ் ஸ்டாண்ட் வந்துட்டீங்களா?"

"வடலூரு."

எனக்கு முதலில் புரியவில்லை. "வடலூரா? வடலூர்ல என்னா பண்றீங்க?"

"இப்பதான் தாண்டுது சவரி."

மந்தாரக்குப்பத்துக்குப் பக்கத்தில்தான் வடலூர். கடலூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தம்பிக்குப் போட்டேன். பண்ருட்டியில் யார் வீட்டு வாசலிலோ கேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "நாலு மணிக்குள்ள எப்படிக்கா வரது?" என்றான். பாவம், அவன் என்ன செய்வான்?

நாலு அடித்தது. சிஸ்டர் வெளியே வந்து என்னைப் பார்த்தார், எதிர் பெஞ்சைப் பார்த்தார். "வடலூர் தாண்டிட்டாரு சிஸ்டர், ஒரு பத்து நிமிஷம்" என்றேன். எனக்கே தெரியும் பத்து நிமிஷம் இல்லை என்று. யாரை நாங்கள் இத்தனை வருஷமாகத் திட்டினோமோ அந்தச் சடையப்பன் பேச்சு அப்படியே என் வாயில் வந்தது.

"அவங்க காலையிலருந்து உக்காந்திருக்காங்கம்மா" என்றார் சிஸ்டர், குரலைத் தாழ்த்தி.

அந்த வளையமாதேவிக்காரர் எழுந்து நின்றார். "பரவால்லைங்க. பத்து நிமிஷம்தானே, பார்க்கட்டும்" என்றார். என் பெண்ணுக்கு இடம் இல்லை என்றால்தான் அவர் பெண்ணுக்கு இடம். அந்த மனிதர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார். அவர் மனைவி புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

நாலு பத்துக்கு அவர்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

நாலு முப்பத்தைந்துக்கு இவர் கேட்டுக்குள் ஓடி வந்தார். பம்ப் ஹவுஸ் பூட்ஸைக்கூட மாற்றவில்லை. நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். என் முகத்தைப் பார்த்ததும் ஓட்டம் நின்றுவிட்டது.

"எத்தினி மணிக்குப் பஸ் ஏறினீங்க?"

"மூணு பத்துக்கு. அந்தப் பாவி மூணு மணிக்கு வந்தான். முடி வெட்டிக்கினு வரான் சவரி! சலூன்ல ரெண்டே பேர்தான் இருந்தாங்களாம், அஞ்சு நிமிஷந்தானேன்னு உக்காந்தானாம்."

"ரெண்டே காலுக்கு வந்துகினே இருக்கேன்னீங்களே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டாண்ட வந்துட்டேன்னு சொன்னான். அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடுவோமேன்னுதான்... நீ வேற அடிச்சுகினே இருந்த. எத்தினி வாட்டி வரல வரலன்னு சொல்றது?"

"லேட்டாவும்னு சொல்லியிருந்தா மாமா வந்திருப்பாருப்பா" என்றாள் ஜெனிஷா. சத்தம் போடவில்லை. சர்டிபிகேட் ஃபைலை வாங்கிக்கொள்ள இவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

சடையப்பன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவன் பேச்சை நம்பி இந்த ஊரில் யாரும் எதையும் கைவிட மாட்டார்கள். இவர் பேச்சை நம்பித்தான் நான் என் தம்பியை வேண்டாம் என்றேன். கூடப்பிறந்தவன் கிளம்பித் தயாராக நின்றான், நான் வேண்டாம் என்றேன். அதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜெனிஷா முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். நானும் இவரும் பின்னால். குறிஞ்சிப்பாடி தாண்டும்போது பவுல்ராஜ் கூப்பிட்டான்.

"என்னாக்கா ஆச்சு? மாமா ரெண்டே காலுக்கே ஏறிட்டாருன்னியே, வழியில பஸ் ஏதாச்சும் நின்னுடுச்சா?"

அவன் பேசினால் நாலு சீட்டுக்குக் கேட்கும். இவருக்கும் கேட்டது, ஜெனிஷாவுக்கும் கேட்டது. "ஆமான்டா, நின்னுடுச்சு" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. தம்பி முன்னால் இவர் மானம் தப்பியிருக்கும். என் வாய்வரைக்கும் வந்தது. ஜெனிஷா திரும்பி என்னைப் பார்த்தாள்.

போனை இவரிடம் நீட்டினேன். "நீங்களே சொல்லுங்க."

வாங்கிக் காதில் வைத்தார். தம்பி "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"பஸ் எங்கியும் நிக்கல மச்சான்" என்றார். "நான் அப்ப கிளம்பவே இல்ல. ஒங்கக்காகிட்ட பொய் சொல்லிட்டேன்."

மதியத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஜெனிஷா, முன் சீட்டில் ஃபைல்மேல் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள்.